சாதகத்தோடு தடுப்பூசிச் சீட்டும்

பிறவி இதயக் குறையோடு குழந்தை பிறந்தால் கிரகணத்தையும் தாயையும் பழிப்பது அகரம், தாடிக்கொம்பு ஊர்ப்புறங்களில் இன்னும் ஓயவில்லை. அது அறமன்று, உண்மையுமன்று. பெரும்பாலான குறைகளுக்கு இன்னதே காரணம் எனச் சுட்ட இயலாது.

எனினும் மரபணு சாராத, தவிர்க்கத்தக்க காரணங்கள் சில உள. கருவுற்ற தொடக்கத்தில் தாக்கும் ரூபெல்லா அம்மை, கட்டுக்கடங்காத நீரிழிவு, மது, புகை, சில வலிப்பு மருந்துகள் என்பன அவை. கருவுற்ற எட்டு வாரங்களுக்குள் சிசுவின் இதயம் பெரும்பாலும் உருப்பெற்றுவிடுகிறது. பன்னிரண்டாம் வாரத்தில் கர்ப்பத்தைப் பதிய வரும்போது அந்தக் காலம் கடந்துவிடும். ஆகவே, காப்பு கருவுறுமுன்னரே தொடங்க வேண்டும் என்பதே எம் கருத்து.

2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழகமெங்கும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டது. வதந்திக்கு அஞ்சி மறுத்த பெற்றோரும் உண்டு. அன்றைய சிறுமியர் பலர் இன்று மணப்பருவத்தினர். கர்ப்ப காலத்தில் இவ்வூசி போடலாகாது. போட்டபின் ஒரு மாதமேனும் கருத்தரிப்பைத் தள்ளிவைத்தல் வேண்டும்.

சர்க்கரை அளவை முன்னரே சீராக்குவோம். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்தாது மருத்துவரிடம் கேட்போம். சாதகம் பார்க்கும் நாளிலேயே தடுப்பூசிச் சீட்டையும் எடுத்துப் பார்ப்போம்.