கைரேகை முதல் கடவுச்சொல் வரை

1930ஆம் ஆண்டு கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களில் கையெழுத்திடத் தெரியாதவர் பலர். ஆயினும் தம்மைப் பற்றிய முடிவில் தமக்குப் பங்குண்டு என்பதை எவரும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளின் கையில் திறன்பேசி இருக்கிறது. மக்களின் கருத்தைக் கேட்பதற்கென்று 2014 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய ‘மைகவ்’ இணையதளமும் இருக்கிறது. பங்கேற்புதான் இல்லை. மக்களுக்கு அக்கறையில்லை என்பது எளிதான விளக்கம், பொய்யான விளக்கமும்கூட.

2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது லட்சக்கணக்கான மின்னஞ்சல்கள் குவிந்தன. பொது விசாரணைக்கான அவகாசத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகச் சுருக்க முனைந்த வரைவு அது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியான அதனை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடுமாறு ஜூன் 30 அன்று டில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒன்றிய அரசு என்ன செய்தது? மொழிபெயர்ப்பாளர்களைத் தேடவில்லை, உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டியது! ஒரு வரைவைத் தமிழாக்குவதைக் காட்டிலும் வழக்காடுவது அதற்கு எளிதாகப்பட்டது போலும்.

தங்கவயலில் இது ஏட்டுச் சிக்கல் அன்று. 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, தமிழ் பேசும் தலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு மிஞ்சியவை வேலையின்மையும் சயனைடு கழிவு மேடுகளுமே. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் பரந்துள்ள 13 மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. புழுதி படியப்போவது லைன் வீடுகளில். அவ்வீடுகளிலிருந்து விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூருவில் உழைத்து இரவில் திரும்புகிறவர் எந்த நேரத்தில், எந்த மொழியில், எந்தக் கடவுச்சொல்லை இட்டு ஆட்சேபம் தெரிவிப்பார்?

தெரிவித்தாலும் விடை வருமா என்பது அடுத்த கேள்வி. 2022இல் தரவுப் பாதுகாப்பு மசோதா குறித்து மக்கள் அனுப்பிய கருத்துகளை வெளியிடப்போவதில்லை என்று அரசே முன்கூட்டி அறிவித்தது. எழுதியது எங்கே போயிற்று என்றறியாதவர் மறுமுறை எழுதமாட்டார்.

தோழர்கள் செய்யவேண்டியது இங்கே தெளிவு. கழிவு மேடுகள் குறித்த ஒவ்வோர் ஆவணமும் தமிழிலும் கன்னடத்திலும் அச்சிடப்பட்டு, ஞாயிறுதோறும் லைன் வீடுகளின் நடுவே உரக்க வாசிக்கப்பட வேண்டும். அங்கு எழும் ஆட்சேபங்களுக்கு, ஒன்றுவிடாமல், எழுத்துப்பூர்வமான விடை கோரப்பட வேண்டும்.