பதற்றத்துக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம்

"எங்கோ சண்டை, இங்கே விலை ஏறுகிறது. என்ன செய்வது?" என்று காலை நடையில் நண்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அரசுகளுக்கு வேண்டியதும் இந்தச் சலிப்புதான்.

கடல்சார் காப்பீட்டுப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். விலை ஏற ஒரு துளி எண்ணெய்கூடக் குறைய வேண்டாம், பயமே போதும். ஹோர்முஸ் நீரிணை குறுகிய இடத்தில் சுமார் 33 கி.மீ. அகலம்தான். 2024-ல் உலகம் செலவழித்த எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகப் போனது. அங்கே யாராவது மிரட்டினாலே லண்டனில் போர் அபாயப் பிரீமியம் ஏறிவிடும்.

செங்கடலைப் பாருங்கள். 2023 நவம்பரில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். சில மாதங்களில் பிரீமியம் கப்பல் மதிப்பில் 1 சதவீதத்தை ஒட்டி வந்தது. 10 கோடி டாலர் கப்பல் ஒருமுறை கடக்க 10 லட்சம் டாலர்! ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் பத்து நாளுக்கு மேல் கூடுதல் பயணம். எல்லாம் சரக்கின் விலையில்தான் வந்து விழும்.

மிரட்டுகிறவன் கட்டுவதில்லை, ஏழை நாடு கட்டுகிறது. 2022-ல் ரஷ்யாவின் குழாய் எரிவாயு குறைந்ததும், ஐரோப்பா அதிக விலை கொடுத்துத் திரவ எரிவாயுக் கப்பல்களை வாங்கிக்கொண்டது. கட்டுப்படியாகாத வங்கதேசம் வெளிச்சந்தையில் வாங்குவதையே நிறுத்தியது. ஊரெல்லாம் மின்வெட்டு. டாக்காக்காரர் என்ன பாவம் செய்தார்?

சரி, விலை விழுந்தால் நமக்கு லாபமா? 2020 மே மாதம் கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்கு வந்தபோது, மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏற்றியது. கொரோனா செலவுக்குப் பணம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். ஆனால் வரியைக் குறைத்தது 2021 நவம்பரில், பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டிய பிறகு! ஏறினால் பாரம் நமக்கு. இறங்கினால் லாபம் கஜானாவுக்கு.

விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள நிலத்தடிக் கிடங்குகள் நிரம்பி வழிந்தாலும் 53.3 லட்சம் டன்தான். அரசுக் கணக்கிலேயே அது ஒன்பதரை நாள் தேவை.

நீரிணைக்கு நாம் காவல் நிற்க முடியாது. கிடங்கைப் பெரிதாக்கலாம். கச்சா விலை ஏறினால் வரி தானாக இறங்கும்படி சட்டம் எழுதலாம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். சலித்துக்கொண்டது போதும்.