எழுதிய அன்றே அது உங்களுடையது



சில மாதங்களுக்கு முன் இப்பக்கத்திற்கு ஒரு கவிதை வந்தது. அம்மாவைப் பற்றிய பன்னிரண்டு வரிகள். நன்றாக இருந்தது, அனுப்பிய மாணவரின் பெயரிலேயே வெளியிட்டோம். மூன்றாம் நாள் ஒரு மாணவி தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, அது நான் எழுதியது. படிவம் மூன்றில் படிக்கும்போது எங்கள் வகுப்புப் புலனக் குழுவில் போட்டேன்” என்றார். தேதியோடு இருந்த பழைய பதிவையும் அனுப்பி வைத்தார். கவிதையை அனுப்பிய மாணவரைக் கேட்டேன். “யாரோ எனக்கு அனுப்பினார்கள் ஐயா. கீழே பெயர் இல்லை. யாருடையதும் இல்லை என்று நினைத்துவிட்டேன்” என்றார்.

மறுவாரம் திருத்தம் வெளியிட்டு, அந்த மாணவியிடம் மன்னிப்பும் கேட்டோம். ஆனால் அவர் கேட்ட கேள்வி என் மனத்தைவிட்டுப் போகவில்லை: “நான் எங்கேயும் பதிந்து வைக்கவில்லையே ஐயா. எனக்கு அதில் உரிமை உண்டா?”

உண்டு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பு உங்கள் சொந்த உழைப்பில் பிறந்து, எழுத்தாகவோ பதிவாகவோ உருப்பெற்றுவிட்டால் போதும். உரிமை அப்போதே வந்துவிடும். விண்ணப்பம் வேண்டாம், கட்டணம் வேண்டாம். விரும்பினால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தெரிவித்து வைக்கலாம். பின்னாளில் வழக்கு வந்தால் அது சான்றாக உதவும். தெரிவிக்காததால் உரிமை போய்விடாது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சட்டம் காப்பது கருத்தை அன்று, அதை நீங்கள் சொன்ன விதத்தை. அம்மாவின் அன்பைப் பற்றி யாரும் எழுதலாம். அந்த மாணவியின் பன்னிரண்டு வரிகளை எடுத்துக்கொள்ளத்தான் அனுமதி வேண்டும்.

இந்த உரிமை எத்தனை காலம் இருக்கும்? மலேசியாவில், எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த பின் மேலும் 50 ஆண்டுகள். இந்தியாவில் 60, சிங்கப்பூரில் 70. இன்று 17 வயதில் கவிதை எழுதும் நீங்கள் 80 வயது வரை வாழ்ந்தால், அந்தக் கவிதை இன்னும் 113 ஆண்டுகளுக்கு உங்களுக்கும் உங்கள் வாரிசுகளுக்கும் உரியது.

நமக்குத் தெரிந்த இருவரைப் பார்ப்போம். பாரதியார் 1921இல் மறைந்தார். தமிழகத்தில் 1949இலேயே அவர் படைப்புகள் நாட்டுடைமை ஆயின. இங்கும் 50 ஆண்டுகள் என்றோ கடந்துவிட்டன. அவர் பாடலை யாரும் அச்சிடலாம், இசையமைக்கலாம். கண்ணதாசன் மறைந்தது 1981இல். அவர் வரிகளுக்கு மலேசியாவில் 2031 வரை உரிமை உண்டு. அது அவர் குடும்பத்திடம் இருக்கலாம். அவர் எழுதிக்கொடுத்த நிறுவனத்திடமும் இருக்கலாம்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். பாரதியின் வரிகள் எல்லாருக்கும் பொது. ஆனால் அவற்றைச் சென்ற ஆண்டு ஒருவர் புதிய மெட்டில் பாடி வெளியிட்டிருந்தால், அந்த மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனி உரிமை உண்டு. உங்கள் காணொலிக்குப் பின்னணியாக அதைக் கேட்காமல் சேர்க்க முடியாது. படங்களும் அப்படித்தான். ‘கூகுளில் கிடைத்தது’ என்பது அனுமதி ஆகாது. கூகுள் படத்தைத் தேடிக் காட்டுகிறது. படத்தின் சொந்தக்காரர் வேறொருவர்.

பயந்து பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டாம். ஆய்வுக்கும், சொந்தப் படிப்புக்கும், திறனாய்வுக்கும் பிறர் படைப்பிலிருந்து நியாயமான அளவு எடுத்தாளச் சட்டமே இடம் தருகிறது. தலைப்பையும் எழுதியவர் பெயரையும் குறிப்பிட வேண்டும். இடுபணியில் ஒரு பத்தியை மேற்கோள் காட்டுவது வேறு, முழு நூலையும் வருடி வகுப்புக் குழுவில் பகிர்வது வேறு.

அனுமதியையும் பெயரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘நன்றி: இணையம்’ என்று போட்டுவிட்டால் அனுமதி பெற்றதாகிவிடாது. அதேபோல், காலம் முடிந்த பாரதியின் கவிதைக்கு அனுமதி தேவையில்லை. ஆனாலும் அதைத் தன் பெயரில் போட்டுக்கொள்வது திருட்டுதான். அனுமதி கேட்பதற்குக் காலவரை உண்டு. எழுதியவர் பெயரைச் சொல்வதற்குக் காலவரை இல்லை என்பது என் கருத்து.

எங்கள் தவறும் இதில் உண்டு. நல்ல கவிதை வந்த மகிழ்ச்சியில் ‘இது நீங்களே எழுதியதா?’ என்று கேட்க மறந்தேன். இனி இப்பக்கத்திற்கு வரும் ஒவ்வொரு படைப்புடனும் ‘இது என் சொந்தப் படைப்பு’ என்ற ஒரு வரி கட்டாயம்.

நீங்களும் இரண்டு பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் கீழே பெயரும் தேதியும் போடுங்கள். போட்டிகளுக்கு அனுப்பும் முன் படிவத்தில் உள்ள விதிமுறைகளைப் படியுங்கள். படைப்பின் உரிமை ஏற்பாட்டாளர்களுக்கே என்று எழுதியிருந்தால், கையெழுத்திடும் முன் ஆசிரியரிடம் கேளுங்கள்.

அந்த மாணவி அண்மையில் இன்னொரு கவிதை அனுப்பியிருக்கிறார். அடியில் பெயர், தேதி, பள்ளி மூன்றும் இருந்தன.