இமைக்கும் கண்ணும் பார்க்கும் கண்ணும்

தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்கள் வீற்றிருந்தனர். இந்திரன், அக்கினி, யமன், வருணன் என்னும் நால்வரும் நளனுடைய உருவத்தை அப்படியே பூண்டு வந்திருந்தார்கள். முகத்திலோ நிறத்திலோ அணியிலோ வேறுபாடு காண இயலவில்லை. தமயந்தி உண்மை நளனைக் கண்டுகொள்ளத் துணைநின்ற குறிகளுள் முதலாவதாகப் புகழேந்திப் புலவர் நளவெண்பாவில் சொல்வது கண் இமைத்தலை. தேவர்கள் கண் இமையார் என்பது மரபு. உருவத்தைக் கடன் வாங்கியவர்களுக்கு அந்தச் சிறு அசைவைக் கடன் வாங்கத் தோன்றவில்லை.

இக்கதையை இப்போது நினைவுகூரக் காரணம் உண்டு. கணினிக்குள் பலர் ஒருங்கே புழங்கும் மெய்நிகர் உலகங்களில், மனிதர் தமக்குப் பதிலாக நிறுத்தும் உருவங்களுக்கு ‘அவதாரம்’ என்ற சொல்லே வழங்குகிறது. 1980களின் நடுவில் லூகாஸ்ஃபிலிம் உருவாக்கிய ‘ஹேபிடட்’ விளையாட்டிலேயே இச்சொல் எடுத்தாளப்பட்டது. 1992இல் வெளிவந்த நீல் ஸ்டீபன்சனின் ‘ஸ்னோ கிராஷ்’ நாவல் அதைப் பரவச் செய்தது. அவ்வுருவங்களைச் செய்வோருக்கு முகமும் முடியும் ஆடையும் ஓரளவு வசப்பட்டுவிட்டன. நெடுங்காலம் வசப்படாமல் நின்றது கண். இன்று அதுவும் வசப்பட்டு வருகிறது. அதனால் எழும் கேள்வி தொழில்நுட்பத்தோடு முடிந்துவிடுவது அன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கண் ஏன் இத்தனை கடினமானது? நம் விழித்திரையின் நடுவிலுள்ள மிகச் சிறிய பகுதி மட்டுமே கூர்மையாகக் காண வல்லது. ஆகவே எதையேனும் தெளிவாகக் காணவேண்டுமானால் கண் அதன்மேல் தாவியாக வேண்டும். விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இத்தாவல் நிகழ்கிறது. கண்ணிமைப்பதற்குள் முடிந்தும் விடுகிறது. தலை திரும்பும்போது பார்வை குலையாதிருக்க, விழி எதிர்த்திசையில் நகர்ந்து ஈடுகட்டுகிறது. பெரிய தாவலோடு பல வேளைகளில் இமைப்பும் சேர்ந்து வருகிறது. இவற்றுள் எதையும் நாம் எண்ணிச் செய்வதில்லை; எதிரில் இருப்பவரும் எண்ணிக் கவனிப்பதில்லை. ஆனால் இவை இல்லாவிட்டால் உடனே உணர்ந்துவிடுகிறோம். 2004இல் வெளிவந்த ‘போலார் எக்ஸ்பிரஸ்’ திரைப்படத்தின் உருவங்களுக்குக் கண்ணில் உயிரில்லை என்று பலர் குறைகூறியது நினைவிருக்கலாம்.

இது உடலின் இயக்கம். இதற்கு மேல் ஓர் இலக்கணமும் உண்டு. இருவர் உரையாடுகையில் பார்வை எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆடம் கெண்டன் 1967இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். நீண்ட பேச்சைத் தொடங்குபவர் பெரும்பாலும் பார்வையை விலக்கிக்கொள்கிறார். முடிக்கும் தறுவாயில் கேட்பவரைப் பார்க்கிறார். ‘இனி நீர் பேசலாம்’ என்பது அதன் பொருள். கேட்பவரோ பேசுபவரைவிட அதிகமாகப் பார்க்கிறார். திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் அமைந்திருப்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். அரசவையிலும் காதலிலும் கண்ணைப் படித்தாக வேண்டும் என்பதை வள்ளுவர் அறிந்திருந்தார்.

மெய்நிகர் உலகம் இந்த இலக்கணத்தைப் படிப்படியாகக் கற்றது. 2003இல் திறக்கப்பட்ட ‘செகண்ட் லைஃப்’ உலகில், உரியவர் தம் கணினிச் சுட்டியை நகர்த்தும் திசையில் அவதாரத்தின் தலையும் கண்ணும் திரும்பின. அங்கே பார்வை என்பது கையின் நிழல்தான். அதற்கு முன்பே, 2002இல், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் காட்டியிருந்தனர். உரையாடும் மனிதரின் கண்ணசைவைக் கருவியால் பதிந்து, தாவல்களின் அளவு, திசை, இடைவெளி ஆகியவற்றைப் புள்ளியியல் முறையில் வகுத்தனர். பேசும் நிலைக்கு ஒரு வாய்பாடு, கேட்கும் நிலைக்கு வேறொன்று. அவ்வாய்பாட்டின்படி இயங்கிய கண்கள், அசையாக் கண்களையும் தாறுமாறாக அசைந்த கண்களையும்விட இயல்பாக இருப்பதாகப் பார்த்தவர்கள் மதிப்பிட்டனர்.

மறு ஆண்டு லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 48 பேரை இணை இணையாக மெய்நிகர் அறையில் பேசவைத்துச் சோதித்தனர். குரலைக் கொண்டு ஊகித்த கண்ணசைவு, மனிதச் சாயல் மிக்க அவதாரத்துக்குப் பொலிவு தந்தது. ஆனால் தீக்குச்சிப் பொம்மை போன்ற எளிய உருவத்துக்கு அதே கண்ணசைவு கேடாகவே முடிந்தது. உருவமும் நடத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பொம்மைக்குப் பொம்மையின் கண்ணே அழகு என்று நம் வழியில் சொல்லிக்கொள்ளலாம்.

இங்கேதான் ஒரு வேறுபாட்டை வலியுறுத்த விரும்புகிறேன். இமைப்பதும் விழி துடிப்பதும் உடலின் செயல்கள். அவற்றை இயந்திரம் செய்து கொடுத்தால் ஒப்பனை என்ற அளவில் ஏற்கலாம். ஒருவரைப் பார்ப்பது அப்படிப்பட்டதன்று. அது ஆளின் செயல். ‘நான் உன்னைக் கவனிக்கிறேன்’ என்ற வாக்குமூலம் அதில் அடங்கியிருக்கிறது. வாய்பாட்டின்படி இயங்கும் அவதாரம் என் முகத்தை நோக்கித் தலையசைக்கையில், அதற்கு உரியவர் அடுக்களையில் காப்பி கலந்துகொண்டிருக்கலாம். அவர் சொல்லாத வாக்குமூலத்தை அவர் பெயரால் இயந்திரம் சொல்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் நான் ஏமாற்றப்பட்டிருக்கிறேன்.

ஊகத்தை விடுத்து, உண்மையான கண்ணைப் பதிந்து அப்படியே அவதாரத்துக்கு ஏற்றினால் என்ன? அதுவும் கைகூடிவிட்டது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், கருவியால் பதிந்த பார்வை, இமைப்பு, கண்மணியின் அளவு ஆகியவற்றை அவதாரத்துக்குச் சேர்த்தபோது, பார்ப்பவர்கள் மெய்யையும் பொய்யையும் முன்னிலும் சரியாகப் பிரித்தறிந்தனர். கண் பொய் சொல்லாது என்ற பழைய நம்பிக்கைக்கு ஒரு சிறு சான்று கிடைத்தது. 2022இல் மெட்டா நிறுவனத்தின் ‘குவெஸ்ட் ப்ரோ’, 2024இல் ஆப்பிளின் ‘விஷன் ப்ரோ’ ஆகிய தலையணிக் கருவிகள் கண்ணைத் தொடரும் திறனோடு விற்பனைக்கு வந்தன.

ஆனால் உண்மைக்கு ஒரு விலை உண்டு. ரஷ்ய அறிஞர் யார்பஸ், ரேப்பினின் ஓவியம் ஒன்றை ஒருவரிடம் காட்டி வெவ்வேறு கேள்விகளைக் கேட்டார். இவர்களின் வயது என்ன, இவர்கள் செல்வரா வறியரா என்று கேள்வி மாற மாற, அதே ஓவியத்தின்மீது அதே கண் நடந்த பாதையும் மாறியது. அதாவது கண்ணின் பாதையை வைத்திருப்பவர் மனத்தின் பாதையைக் குறித்து ஓரளவு ஊகிக்கலாம். எந்தக் கடைப்பொருளில் நம் பார்வை தயங்கியது, எந்த முகத்தில் ஒரு கணம் கூடுதலாக நின்றது என்பவை நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளாத செய்திகள். கண் எங்கே பார்க்கிறது என்ற விவரத்தைச் செயலிகளுக்குத் தருவதில்லை என்று ஆப்பிள் அறிவித்திருக்கிறது. நல்லது. ஆனால் இதை ஒரு நிறுவனத்தின் நற்குணத்துக்கு விட்டுவிட முடியாது; சட்டமாக வேண்டும்.

எல்லாவற்றினும் என்னைக் கலங்கவைப்பது வேறொன்று. ஜெர்மி பெய்லன்சனும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மெய்நிகர் அறையில் ஒருவர் பேசுகிறார். கேட்போர் ஒவ்வொருவருக்கும் அவர் தம்மை மட்டுமே பார்ப்பதாகக் காட்டப்பட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காட்சி அனுப்புவதால் இது எளிதில் கூடும். இவ்வாறு பார்க்கப்பட்டபோது, பெண் பங்கேற்பாளர்களிடம் பேச்சாளரின் கருத்துக்கு இசைவு கூடியது என்று அவ்வாய்வு தெரிவிக்கிறது.

வகுப்பறையில் நிற்பவர்க்கு இது பேராசையைத் தூண்டும் செய்தி. அறுபது மாணவர் உள்ள வகுப்பில் ஒருவரைப் பார்க்கும் நேரத்தில் ஐம்பத்தொன்பது பேரைப் பார்க்காமல் விடுகிறோம். 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில், பெயர் மட்டும் எழுதிய கருங்கட்டங்களுக்குப் பாடம் சொன்னவர்களுக்குப் பார்வையின் அருமை நன்றாகவே தெரியும். அறுபது பேரையும் ஒரே நேரத்தில் பார்க்கும் கண் கிடைத்தால் வேண்டாம் என்பார்களா? வேண்டாம் என்றே நான் சொல்வேன். பின் வரிசையில் இருக்கும் பிள்ளையை ஆசிரியர் நிமிர்ந்து பார்க்கும்போது அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் மதிப்பு, அந்த நேரத்தில் அவர் வேறெவரையும் பார்க்கவில்லை என்பதிலிருந்து வருகிறது. அனைவருக்கும் ஒரே கணத்தில் வழங்கப்படும் பார்வை எவருக்கும் வழங்கப்பட்டதன்று. வணிகரும் அரசியலாரும் அதைக் கையிலெடுத்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அவதாரமே வேடம்தானே, வேடத்தில் கண்ணுக்கு மட்டும் ஏன் உண்மை வேண்டும் என்று கேட்கலாம். நேர்ப்பார்வை துன்பம் தரும் இயல்புடையோர் இருக்கிறார்கள்; பார்வையற்றோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இயந்திரம் இயற்றும் பார்வை ஒரு கைத்தடியாக உதவக்கூடும். இம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் தாமே தேர்ந்து அணியும் வேடம் வேறு, அணிந்திருப்பதையே அறியாதபடி அணிவிக்கப்படும் வேடம் வேறு. மேடையில் நடிகர் அழும்போது நாம் ஏமாறுவதில்லை, மேடை என்று இருவருக்கும் தெரியும்.

ஆகவே இவ்வுலகங்களைக் கட்டுவோரிடம் நான் கேட்பது மூன்று. இமைப்பையும் விழித்துடிப்பையும் இயந்திரம் விருப்பம்போல் இயற்றட்டும். ஆனால் இன்னாரைப் பார்க்கிறார் என்ற குறிப்பை உரியவர் அறிந்து ஒப்பினாலன்றி இயற்ற வேண்டாம். பதிந்த பார்வை அவதாரத்தின் கண்ணை அசைத்த அக்கணமே அழிந்துவிடட்டும், சேமிக்க வேண்டாம். பலரை ஒருங்கே பார்க்கும் கண்ணை எவரேனும் பயன்படுத்தினால், பார்க்கப்படுவோர் அனைவருக்கும் அது அறிவிக்கப்பட வேண்டும்.

இமைப்பை மட்டும் நம்பினால் இன்று தமயந்தியும் தோற்பாள். ஐந்து நளன்களும் அழகாக இமைப்பார்கள். அவளுக்கு வேறொரு குறி வேண்டும். அவளை உண்மையில் பார்த்துக்கொண்டிருப்பவன் அவர்களுள் யார் என்று தெரிய வேண்டும். அதை அறியும் வழியையும் அடைத்துவிட்டு, கண்ணுக்கு உயிர் கொடுத்துவிட்டோம் என்று மகிழ்வதில் பொருளில்லை.