குடிவழியும் வைத்தியமும்

நோயை நோக்கி நோயாளரை நோக்காத வைத்தியம் அரை வைத்தியமே. எம்மவருள் வைத்தியராய்ப் பிரித்தானியாவிற் பணிபுரிவோர் பலர். அவர்பால் வரும் அயர்லாந்து வழிவந்த குடும்பத்தினர் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

1845 இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர்; மேலும் பல இலட்சத்தார் நாடு நீங்கினர். 1950களிலும் பலர் தொழில் தேடி இங்கிலாந்து சென்றனர். நிறத்தால் ஆங்கிலேயரை ஒத்திருத்தலின் இவர்தம் வேறுபாடு கண்ணுக்குப் புலனாவதில்லை. இங்கிலாந்தின் குடிசன மதிப்பில் இனப்பகுப்பிலே இவர்க்குத் தனியிடம் கிடைத்ததும் 2001 இலேயே.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையுங் கேடு சிறிதன்று. உடலில் இரும்புச்சத்து மிகுந்து ஈரலைக் கெடுக்கும் ஈமோகுரோமற்றோசிசு என்னும் பரம்பரை நோய் இம்மக்களிடையே பெரிதுங் காணப்படுவது. சோர்வும் மூட்டுவலியும் அதன் முற்குறிகள். குருதிச் சோதனையால் வேளையோடு அறிந்து, அவ்வப்போது குருதியை வெளியேற்றின் ஈரலைக் காக்கலாம். அஃதறியாது, ஈரல் கெட்டபின் மதுவின் மீது பழி சுமத்துதல் எளிது. அதற்குள் நோயாளரின் உடன்பிறந்தாரும் சோதிக்கப்படாது விடப்படுவர். குடியைப் பழிக்குமுன் குடிவழியை வினவுதல் வேண்டும்.

எனினும் அவ்வழியினர் யாவரும் ஒரு தன்மையர் எனக் கொள்வதும் பிழையே. இறுதிவேளையிற் குருவானவரை வேண்டுவாரும் உளர், வேண்டாதாரும் உளர். ஊகித்தலன்று, கேட்டறிதலே முறை.

வைத்தியத்துறை புகவிருக்கும் எம் மாணவர் இதனை உளங்கொள்வாராக.