நான்கடிச் சங்கிலியில் ஒரு வேட்டை நாய்

ஆயக்குடி என்றால் உங்களுக்குக் கொய்யாப்பழம்தானே ஞாபகம் வரும்? எனக்கு ஒரு சங்கிலி ஞாபகம் வருகிறது.

பழனிக்குப் போனபோது, ஆயக்குடியில் தோப்பு வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கும் போனேன். வாசல் தூணில் ஒரு சிப்பிப்பாறை நாய். நான்கடிச் சங்கிலி. “ஒரிஜினல் வேட்டை நாய் சார். அவிழ்த்து விட்டா புயல்!” என்றார். எப்போது அவிழ்ப்பீர்கள் என்று கேட்டேன். “ஐயையோ, கடிச்சிடும் சார்!”

கடிக்காமல் கொஞ்சுமா? அந்தத் தூணைச் சுற்றி வட்டமாகத் தரை தேய்ந்து கிடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்... முயலை விரட்டிப் பிடிக்கவே தெற்கத்தி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த உடம்பு அது. பகலில் வேட்டை, ராத்திரியில் பட்டிக்காவல் என்று இரண்டு வேலை பார்த்த ஜாதி. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றமானது, ரொம்பச் சரி. ஆனால், சட்டம் வந்ததும் நாயின் கால் ஓடுவதை மறந்துவிடுமா?

நம்மவர்களுக்குப் பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2020-ல் பிரதமரே வானொலியில் நம்ம ஊர் நாய்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். சந்தோஷம். கூடவே ஒரு பொய்யும் ஊரெல்லாம் திரிகிறது: ‘நாட்டு நாய்க்குப் பராமரிப்பே வேண்டாம். கூழ் ஊத்தினா போதும், நோயே அண்டாது!’

பார்வோ வைரஸ் நாட்டு நாயா, சீமை நாயா என்று விசாரித்துவிட்டா வருகிறது? குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். இதில் சாக்கு கிடையாது. கூழ் மட்டும் போதாது. முட்டையோ கறியோ வேண்டும். அதற்காகத் திணிக்காதீர்கள். சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு லேசாகத் தெரிவது இயல்பு. வயிறு முட்டத் தின்ற கையோடு ஓடவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொண்டு உயிரே போகலாம். உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் சில மயக்க மருந்துகளிலிருந்து தெளிய நேரமாகும். ஆபரேஷன் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

ராஜபாளையம் வாங்குகிறவர்கள் குட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். வெள்ளை நிறத்துக்காகவே ரத்த உறவுக்குள் சேர்த்துச் சேர்த்து, அந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் நிறையப் பிறக்கின்றன. விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார். கூப்பிட்டால் வராத நாயைத் ‘திமிர் பிடிச்சது’ என்று உதைக்கிற ஆளை நானே பார்த்திருக்கிறேன்.

“அப்ப அவிழ்த்து விட்டுடவா?” என்றார் நண்பர். வேண்டாம் சார்! உங்கள் தோப்புக்கு மேலே மலை, காடு. நாய் புகுந்து முயலையோ மானையோ துரத்தினால் அதுவும் வேட்டைதான். வழக்கு உங்கள் மேல்தான் வரும். தோப்பைச் சுற்றிக் கம்பி வேலி போடுங்கள். வெயில் ஏறுமுன் ஒரு தடவை, சாய்ந்த பிறகு ஒரு தடவை உள்ளேயே ஓட விடுங்கள். ஆட்களோடு குட்டியிலிருந்தே பழகியிருந்தால் இந்தக் கடியே இருந்திருக்காது. இப்போது பொறுமையாகத்தான் பழக்க வேண்டும்.

“வேலிக்குச் செலவாகுமே...” என்று இழுத்தார். நாய் வாங்கக் கொடுத்த விலையைக் கேட்டேன். பதிலுக்கு ஒரு கூடை கொய்யா வந்தது. அடுத்த சீஸனுக்கு மறுபடி வருகிறேன், முதலில் தூணைத்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.