கோரிக்கை மனு: விபத்துக்குப் பிறகு பதிவான தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. பலன்

அனுப்புநர்: செயலாளர், பனியன் தொழிலாளர் சங்கம், திருப்பூர்.
பெறுநர்: ஈ.எஸ்.ஐ. மற்றும் தொழிலாளர் துறை உயர் அதிகாரிகள்.
பார்வை: இதே பொருளில் நாங்கள் அனுப்பிய மூன்று மனுக்கள்.

ஐயா,

எங்கள் சங்கம் பதிவு பெற்றது. ஒடிசா, பீகார் தொழிலாளர்களும் இதில் உறுப்பினர்கள்.

முதல் மனுவுக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, முதல் பதிலையே பார்க்கச் சொன்னீர்கள். மூன்றாவதற்கு ஒப்புகைச் சீட்டு மட்டும் வந்தது. ஆகவே பழைய கதையை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது.

ஒடிசாவிலிருந்து வந்து பத்தொன்பதாம் நாள், கட்டிங் மிஷினில் ஓர் இளைஞருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போயின. கூட வந்த அண்ணனிடம் காண்ட்ராக்டர் சொன்னது: “ரூம்ல விழுந்துட்டான்னு சொல்லு.” மருத்துவமனையில் ஐ.பி. நம்பர் (காப்பீட்டு எண்) கேட்டார்கள். இல்லை. கையிலிருந்த பணத்துக்குத் தையல் மட்டும் போட்டார்கள். மறுநாள் அவசர அவசரமாக ஈ.எஸ்.ஐ.யில் பெயரைப் பதிந்தார் காண்ட்ராக்டர். வேலையில் சேர்ந்த தேதியும் அந்த மறுநாளே. விரல் போன பிறகு வேலைக்குச் சேர்ந்தவர் ஆகிவிட்டார் அவர்! பதிவுக்கு முந்தைய காயம் என்று சொல்லிப் பலனை மறுத்தது ஈ.எஸ்.ஐ. அலுவலகம்.

இந்த மறுப்புக்குச் சட்டத்தில் இடமில்லை. பரகத் இன்ஜினியரிங் வழக்கில் 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே தொழிலாளி காப்பீட்டுக்கு உட்பட்டவர், முதலாளி விபத்துக்குப் பிறகு சந்தா கட்டியிருந்தாலும் அந்த உரிமை போகாது. தமிழ்நாட்டிலிருந்தே போன வழக்கு அது. மூன்று மனுக்களிலும் இதைக் குறிப்பிட்டிருந்தோம். ஒரு பதிலிலும் அந்தத் தீர்ப்பின் பெயர்கூட இல்லை.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 68-ஆம் பிரிவும் இதையே சொன்னது. முதலாளி சந்தா கட்டத் தவறியதால் பலன் தடைப்பட்டால், ஈ.எஸ்.ஐ. கழகம் தானே பலனைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கலாம். காண்ட்ராக்டர் ஆளாக இருந்தாலும் சந்தாவை முதலில் கட்ட வேண்டியவர் கம்பெனி முதலாளி என்றது 40-ஆம் பிரிவு. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. குணமாகும்வரை நாள் கூலியில் 90 சதவீதம் தர வேண்டும். அந்த இளைஞருக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. இப்போது அண்ணன் சம்பளத்தில்தான் இருவர் சாப்பாடும் ஊருக்கு அனுப்பும் பணமும்.

எனவே கோருகிறோம்: பதிவுத் தேதியைக் காட்டி மறுத்த விபத்து மனுக்கள் அனைத்தையும் மறுபடி எடுத்து விசாரிக்க வேண்டும். சேர்ந்த நாளைக் காண்ட்ராக்டரின் ஏட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், உடன் வேலை பார்த்தவர்களின் வாக்குமூலத்தையும் அவர்கள் மொழியிலேயே பதிய வேண்டும். அடிபட்டு வருபவரிடம் முதலில் ஐ.பி. எண்ணைக் கேட்காமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். மறுப்பதாக இருந்தால், 68-ஆம் பிரிவு ஏன் பொருந்தாது என்று எழுத்தில் காரணம் தர வேண்டும்.

மேலும்,
ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களில் இந்தி, ஒடியா அறிவிப்புப் பலகைகள் வைக்கப்பட வேண்டும்.
ஷிப்ட் முடிந்து வருவோருக்காக மாலை நேரப் பிரிவு தொடங்கப்பட வேண்டும்.
தொழிலாளர்கள் தங்கும் அறைகளில் குடிநீர், கழிப்பறை வசதி ஆய்வு செய்யப்பட வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டு, தீர்ப்பின் நகல் (நான்காம் முறையாக).